காரியாலயத்திற்கு மிதிவண்டியில்

தேகாப்பியாசம் அவசியம் என்பதை அறியாதவர் நகரத்தில் எவருமில்லை. அதற்கு அவகாசமில்லை என்று கூறாதவரும் அநேகமாக இல்லை. இந்தப் பிணக்கைத் தீர்த்துவைக்கும் ஆற்றல், தினந்தோறும் தவிர்க்க இயலாத காரியாலயப் பிரயாணத்தையே அப்பியாசமாக மாற்றிவிடுகின்ற மிதிவண்டிக்கு உண்டு.

நேரத்தின் கணக்கு

மயிலாப்பூரில் வசித்து எழும்பூரில் உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்கு ஒருவழித் தூரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் என்று கொள்வோம். சென்னை பெரும்பாலும் சமதரையாதலால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகச் சென்றாலும், சிக்னல்களில் நிற்பது நீங்கலாக, மிதிக்கும் நேரம் 20 நிமிஷம், போகவர 40, வாரத்தில் 5 நாட்களுக்கு 200 நிமிஷம். வயதுவந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான தேக உழைப்பில் ஈடுபடவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சிபாரிசு. பேருந்திலோ காரிலோ எப்படியும் கழிந்திருக்கக்கூடிய நேரத்திற்குள்ளேயே அந்த அளவு பூர்த்தியாகிவிடுகிறது.

இருதயமும் ஆயுளும்

லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் நாள்முழுதும் அமர்ந்து வண்டியோட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே கண்டதென்று ஜெரமி மாரிஸ் என்ற வைத்திய விஞ்ஞானி 1953-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அன்றாடக் கடமையோடு கலந்த உழைப்பின் மகிமையை அதுமுதல் வைத்திய உலகம் ஆராய்ந்து வருகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிதிவண்டியில் வேலைக்குச் சென்றவர்களுக்கு, காரிலோ பொதுவாகனத்திலோ சென்றவர்களைவிட, மரண அபாயம் 41 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பிற பழக்கவழக்கங்களுக்கும் இதில் ஓரளவு பங்கிருக்கலாம் எனினும், இத்தனை பெரிய வித்தியாசத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

சர்க்கரையும் மூட்டுகளும்

மிதிக்கும்போது சுருங்கி விரியும் தொடைத் தசைகள், இன்சுலினின் துணையை எதிர்பாராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையவை. ஆதலால் நீரிழிவு பெருகிவரும் நம் நகரங்களில் இவ்வுழைப்பின் பயன் அதிகம். உடலின் பாரத்தில் பெரும்பகுதியை இருக்கையே தாங்கிக்கொள்வதால், ஓட்டத்தில் முழங்காலுக்கு நேரும் அதிர்ச்சியும் இதில் இல்லை.

அனுசரிக்க வேண்டியவை

மிதிகட்டை அடியில் நிற்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். புகையும் நெரிசலும் மிகுந்த பெருஞ்சாலைகளை விடுத்து உட்தெருக்களின் வழியே செல்வதும், தலைக்கவசம் அணிவதும், இரவில் முன்னும் பின்னும் விளக்கு வைத்துக்கொள்வதும், அக்கினி நட்சத்திர காலத்தில் வெயில் ஏறுமுன் புறப்பட்டுத் தண்ணீர் தாராளமாக அருந்துவதும் உத்தமம். இருதய நோயாளிகளும் இன்சுலின் போட்டுக்கொள்வோரும் வைத்தியரைக் கலந்தாலோசித்த பின்னரே தொடங்கவேண்டும். பின்னவர்கள், சர்க்கரை தாழ்ந்துவிட்டால் உதவும்பொருட்டு, குளுக்கோஸோ சர்க்கரையோ உடன்வைத்திருத்தல் அவசியம்.

தாம்பரம் போன்ற தூரப் பகுதிகளிலிருந்து வருவோர் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரையிலாவது மிதிவண்டியை உபயோகிக்கலாம். மருந்தைப்போல் நாள் தவறாமல் கொள்ளவேண்டிய அப்பியாசம், சம்பளத்திற்குச் செல்லும் வழியிலேயே அமைந்துவிடுமாயின், அதை மறப்பதற்கும் ஒத்திப்போடுவதற்கும் இடமேது?