மாண்டவருக்கு மயக்க மருந்து நிபுணர் எதற்கு?

"உயிர் போனவருக்கு மயக்க டாக்டர் எதற்கு? அப்படியானால் இன்னும் வலி தெரிகிறது என்றுதானே பொருள்?" உறுப்புத் தானம் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டால் யார் போடுவார்?

2007 அக்டோபரில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தீ ஹுய் யீ என்ற 14 வயதுச் சிறுமி இயந்திரத்தின் துணையோடு இதயம் இயங்க வாழ்ந்து வந்தாள். கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் அவளுக்கு முதலில் பொருத்தியது, விபத்தில் மாண்ட நம் பேராக் சிறுவன் ஒருவனின் இதயம். அது அவள் உடலுக்கு ஒத்துவரவில்லை. மறுநாள் ஜொகூரிலிருந்து இன்னோர் இதயம் வந்தது. பிழைத்தாள்.

கொடுத்தவர் உடலிலிருந்து எடுக்கும் வரை அந்த இதயம் கெடாமல் இருக்க வேண்டுமே! அங்கேதான் மயக்க மருந்து நிபுணர் வருகிறார்.

மூளைச்சாவு என்பது ஆழ்ந்த மயக்கமன்று, மரணம். உறுப்பு மாற்றுக் குழுவைச் சேராத இரு நிபுணர்கள் இருமுறை சோதிக்கிறார்கள். சுவாச இயந்திரத்தின் விசையை நிறுத்தி, தானாக மூச்சு வருகிறதா என்றும் பார்க்கிறார்கள். வராது. அதன்பின் உடலை நடத்த ஆளில்லை. இரத்த அழுத்தம் சரியும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்புநீர் நின்றுவிடுவதால் நீர் கொட்டிக்கொண்டே போகும். உடம்பு சில்லிடும். மூளை செய்துவந்த இந்த வேலைகளை மருந்தாலும், சொட்டு நீராலும், சூடான போர்வையாலும் அவர் செய்கிறார்.

கத்தி பட்டதும் நாடித்துடிப்பு எகிறலாம், கைகூட அசையலாம். பார்ப்பவர் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும். ஆனால் அது முதுகுத்தண்டு தானாகச் செய்யும் வேலை; முழங்காலில் தட்டினால் கால் உதைப்பது போல. அசைவை அடக்கத் தசைத் தளர்ச்சி மருந்து கொடுப்பார். மயக்க வாயு கொடுத்தால், அது ஏறிய இரத்த அழுத்தத்தை இறக்குவதற்கே. வலியை உணரும் மூளைதான் இல்லையே.

அறுவை மருத்துவர் பெருந்தமனியை இறுக்கிக் குளிர்ந்த திரவத்தை உறுப்புகளுக்குள் செலுத்துவார். உடனே நிபுணர் சுவாச இயந்திரத்தை நிறுத்துகிறார். மற்ற அறுவையில் நோயாளி கண்விழிக்கக் காத்திருப்பவர், இங்கே அத்துடன் விலகிக்கொள்கிறார்.

இதயத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேரமே தவணை. சிறுநீரகம் ஒரு நாள் தாங்கும். ஆகவே சிலர் ஐஸ் பெட்டியோடு ஓட, மற்றவர்கள் வெட்டிய இடத்தைத் தையலிட்டுத் துடைத்து, உடலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கிறார்கள். முகம் அப்படியே இருக்கும். வீட்டில் கிடத்தி வைக்கலாம், குளிப்பாட்டலாம்.