மொறிஸ் மைனரும் டர்போவும்: எஞ்சின் கூட்டில் இடந்தேடல்

பழைய மொறிஸ் மைனர் காரொன்றின் பொனற்றைத் திறந்து நோக்குவோர், எஞ்சினைச் சுற்றிக் கிடக்கும் வெற்றிடத்தைக் கண்டு வியப்படைவது இயல்பு. தோப்பூரில் எம் இல்லத்துக் கொட்டிலில் நிற்கும் அத்தகைய வண்டியொன்றைச் சென்ற கச்சான் காலத்தில் இவ்வாறு திறந்து பார்த்த என் தமக்கை மகன், "மாமா, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே! ஒரு டர்போ பூட்டினால் என்ன?" என்று வினவினான். அவன் நம் கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயில்பவன். ஆதலின் அவ்வினாவை விளையாட்டென்று தள்ளிவிட மனம் வரவில்லை. அன்று அவனுக்குக் கூறிய விடையையும், பின்னர் இருவரும் அளந்து கண்டவற்றையும் ஈண்டுத் தொகுத்து எழுதுகின்றேன்.

இவ்வினா இக்காலத்தில் நம் நாட்டு இளைஞர் பலரிடத்தும் எழுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் மோட்டார் வண்டிகளின் மீதான வரி, எஞ்சினின் கன அளவையும் பொறுத்து அமைகின்றது. ஆகவே, 1000 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறு எஞ்சினோடு டர்போ பூட்டி வந்த கார்கள் இங்கு பெரிதும் விரும்பப்பட்டன. மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியைப் பேணி ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. சிறு எஞ்சினும் பேராற்றல் தரும் என்பதைக் கண்ட கண்கள், பாட்டனாரின் காரையும் அவ்வாறே நோக்கத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

டர்போ என்பது யாது? ஓர் அச்சின் இரு முனைகளிலும் பொருத்தப்பட்ட இரு சிறு சக்கரங்களே அதன் உயிர்நிலை. நத்தையோடு போன்ற இரு கூடுகளுள் அவை சுழல்கின்றன. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சிலுள்ள மற்றச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வீணே போகின்றது. அவ்வாறு போவதிற் சிறிது மீட்கப்படுகின்றது எனலாம். அவ்வச்சு நிமிடமொன்றுக்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலாகச் சுழலவல்லது.

இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டில் உரிமம் பெற்றவர் சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி என்பவர். அது முதலிற் சிறந்து விளங்கியது கப்பல்களிலே. 1920களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் இரு பயணிகள் கப்பல்களில் டீசல் எஞ்சின்களுக்கு டர்போ பூட்டியபோது, அவற்றின் ஆற்றல் 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500 குதிரைவலுவாக உயர்ந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களின் எஞ்சின்கள் இன்று டர்போ பூட்டியவையே. ஆனால் கப்பலின் எஞ்சின் அறையில் மனிதர் நின்று நடமாடலாம். சூட்டை வெளியேற்றக் காற்று வழிகளும் உண்டு. காரிலோ, அதே தொழிலைச் சமையலறை அடுப்படியினுஞ் சிறியதோர் இடத்தில் செய்விக்க வேண்டியுள்ளது. இடத்தின் சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது.

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் என்னும் கார் டர்போவுடன் விற்பனைக்கு வந்தது. அமுக்கிய காற்றின் சூட்டினால் பெற்றோல் காலந்தவறி வெடிப்பதைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றைத் தனிப் புட்டியிலிருந்து எஞ்சினுக்கு ஊட்டினர். புட்டி வெறுமையானால் நிரப்ப வேண்டுமென்பதைப் பல உரிமையாளர் பொருட்படுத்தவில்லை. அக்கார் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அச்சூடு எவ்வளவு என்பதை மாணவரும் கணக்கிடலாம். காற்றை வளிமண்டல அமுக்கத்தின் ஒன்றரை மடங்காக அமுக்குவதாகவும், அமுக்கும் சக்கரத்தின் திறன் நூற்றுக்கு 65 எனவும் கொள்வோம். 15 பாகை குளிர்ந்த காற்று உள்ளே போனால் ஏறத்தாழ 69 பாகையாக வெளிவரும். நம் மாவட்டத்தில் கச்சான் வீசும் நாளொன்றின் 35 பாகைக் காற்று உள்ளே போனால் 93 பாகையாக வெளிவரும். டர்போவானது வெளிக்காற்றை விடுத்து, பொனற்றின் கீழுள்ள 65 பாகைக் காற்றையே உறிஞ்சுமாயின், வெளிவருவது 129 பாகையாகும்.

சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குன்றும். 35 பாகை வெளிக்காற்றை இயல்பாக உறிஞ்சும் எஞ்சினோடு ஒப்பிடின், அதே காற்றை டர்போ அமுக்கித் தரும்போது கிடைக்கும் காற்றின் நிறை நூற்றுக்கு 26 பங்கு மிகுதி. பொனற்றின் கீழுள்ள சூட்டுக் காற்றை அமுக்கினால் மிகுதி 15 பங்கே. வெளிக்காற்றை அமுக்கி, ரேடியேற்றர் போன்ற இன்ரர்கூலர் ஒன்றினால் 55 பாகைக்குக் குளிர்வித்தால் மிகுதி 41 பங்காகும். குழாய்களில் ஏற்படும் சிறு இழப்புகளை இக்கணக்கிற் சேர்க்கவில்லை. டர்போ ஒன்றே, அமுக்கமும் ஒன்றே. குழாய்க்கு எங்கே வழிவிட்டோம் என்பதனால் மட்டும் பயன் 15க்கும் 41க்கும் இடையே மாறுகின்றது. ஆதலின், இடஞ்செய்தல் என்பது டர்போவை வைக்க ஒரு மூலை தேடுவதோடு முடியாது. குளிர்ந்த காற்று வருவதற்கும், சூடு போவதற்கும், எண்ணெய் வடிவதற்கும், பழுது பார்ப்பவரின் கை புகுவதற்கும் வழி செய்தலே அதன் பொருள்.

இனி மைனருக்கு வருவோம். 1948இல் வெளிவந்த இக்காரை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இரு பக்கமும் படுத்த நிலையிலமைந்த நான்கு சிலிண்டர் எஞ்சினொன்றை இதற்கென அவர் எண்ணியிருந்தார். அகன்ற எஞ்சின் கூடு அதற்காகவே அமைந்தது. அந்த எஞ்சின் உற்பத்திக்கு வரவில்லை. பழைய 918 க.செ.மீ. எஞ்சினே வைக்கப்பட்டது. 1952 முதல் 'ஏ' வரிசை எஞ்சின் 803 க.செ.மீ. அளவில் வந்து, 1956இல் 948ஆகவும் 1962இல் 1098ஆகவும் வளர்ந்தது. வராத விருந்தினருக்காக விட்ட இடமே இன்று நம் கண்ணை ஈர்க்கும் அவ்வெற்றிடம்.

மற்றுமோர் அனுகூலமும் உண்டு. இவ்வெஞ்சினிற் காற்றுப் புகும் வழியும் புகை போகும் வழியும் இடப்பக்கத்திலேயே அமைந்துள்ளன. நம் நாட்டு வண்டியில் ஸ்ரியரிங் தண்டு வலப்பக்கத்தது. பிரேக்கின் தலைமைச் சிலிண்டரோ சாரதியின் காலடித் தளத்தின் கீழுள்ளது. ஆகவே டர்போ நிற்கவேண்டிய இடப்பக்கம், விரித்த கை தடையின்றி இறங்குமளவு திறந்து கிடக்கின்றது.

இதே இசிகோனிஸ் 1959இல் தந்த மினி காரில் நிலைமை மாறானது. அதே 'ஏ' வரிசை எஞ்சின் அங்குக் குறுக்காக வைக்கப்பட்டு, புகை வழி பயணிகளை நோக்கிய பின்சுவரின் பக்கம் திரும்பியுள்ளது. 1989இல் இங்கிலாந்தில் ஈ.ஆர்.ஏ. நிறுவனம் டர்போ மினி ஒன்றைத் தொழில்முறையாகச் செய்து விற்றது. ஆனால் தாமாகவே டர்போ பூட்ட முயன்றோர் பலர் பின்சுவரை வெட்டி, உட்புறமாகப் பெட்டி போன்ற பள்ளமொன்று அமைக்க நேர்ந்தது. அச்சுவர் எஞ்சினில் மூளும் தீயை ஆட்களிடமிருந்து தடுப்பது. வண்டியின் உடலுக்கு உறுதியும் தருவது. அதை வெட்டுதல் இடஞ்செய்தலன்று; இடத்தைக் கடன்வாங்குதலாகும்.

எம் வேலை அட்டையில் தொடங்கிற்று. ஏறக்குறைய 20 செ.மீ. நீளமும் அகலமுமுள்ள அட்டை டர்போ ஒன்றையும், குழாய்களுக்குப் பதிலாக நீர்க்குழாய்த் துண்டுகளையும் வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. மருமகன் மகிழ்ந்தான். அதன் பின்னரே வினாக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

முதலாவது எண்ணெய். டர்போவின் அச்சு அமுக்கத்துடன் வரும் எண்ணெயில் மிதந்து சுழல்கின்றது. சுழன்றபின் அவ்வெண்ணெய் நுரைத்து, தன் பாரத்தினாலேயே கீழே வடிந்து எஞ்சினடித் தொட்டியைச் சேரவேண்டும். ஆகவே டர்போ அத்தொட்டியின் எண்ணெய் மட்டத்துக்கு நன்கு மேலேயிருத்தல் அவசியம். வடிகுழாய் அகன்றதாயும், நிலைக்குத்தை ஒட்டியதாயும், எங்கும் மேல்வளையாததாயும் அமைதல் வேண்டும். தவறின், எண்ணெய் தேங்கி, அச்சின் அடைப்பு வழியே கசிந்து, புகைக்குழாய் வெண்ணீலப் புகை கக்கும். கீழே இடமிருக்கின்றதென்று டர்போவை இறக்கிவைக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

இரண்டாவது அசைவு. எஞ்சின் இறப்பர் தாங்கிகளில் அமர்ந்துள்ளது. ஆற்றலைக் கூட்டுந்தோறும் அது சாய்கின்றது. டர்போ எஞ்சினோடு சேர்ந்து அசையும், உடற்றகடு அசையாது. இரண்டிற்கும் இடையே 25 மில்லிமீற்றரேனும் விட்டு, கீழிறங்கும் புகைக்குழாயில் நெகிழும் துண்டொன்றும் சேர்த்தல் நலம்.

மூன்றாவதும் தலையாயதும் சூடு. முழு ஆற்றலில் ஓடும் பெற்றோல் எஞ்சினின் புகை 900 பாகையை எட்டக்கூடும். டர்போவின் புகைக்கூடு இருளிற் செந்நிறமாக ஒளிரும். மைனரின் பற்றரியும் பெற்றோல் பம்பும் எஞ்சினுக்குப் பின்னுள்ள சுவரையொட்டியே உள்ளன. பெற்றோலின் இலேசான கூறுகள் 40 பாகையளவிலேயே ஆவியாகத் தொடங்கும். மூன்றாந் தரப் பிரேக் திரவம் புதியதாயின் 205 பாகை வரை கொதியாது. ஈரம் உறிஞ்சியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்த திரவத்தில் ஆவி நிறைந்தால், மிதித்த பிரேக் பயனின்றித் தரையைத் தொடும்.

இதனை எமக்கு உணர்த்தியது அட்டைதான். அதனை எடுக்க மறந்து ஒரு மாலை மூதூர் வரை சென்று மீண்டோம். பொனற்றைத் திறந்தபோது கருகிய வாடை. புகைவழியை அடுத்திருந்த ஓரம் கபில நிறமாகிப் பொடிந்து உதிர்ந்தது. டர்போ பூட்டாத எஞ்சினின் சூடே அது! தீப்பிடிக்காதது எம் நற்பேறு. மறந்தது என் பிழை. அன்று முதல் அளவுகோலை விடுத்து, "எதனருகே எது?" என்ற வினாவையே முதலிற் கேட்டோம்.

அசைக்கத் தக்கவை யாவை, தகாதவை யாவை என்று இரு நிரல்கள் எழுதினோம். பற்றரியைப் பின்பெட்டிக்கு மாற்றலாம். ஆனால் அதனருகிலேயே தக்க பியூஸ் வைத்து, வாயு வெளியேறவும் வழிசெய்தல் வேண்டும். பெற்றோல் பம்பைப் பெற்றோல் தாங்கிக்கு அண்மையிற் கொண்டுசெல்லலாம். வார்ப்பட்டை விசிறிக்குப் பதிலாக மெல்லிய மின்விசிறி வைத்தால் ரேடியேற்றரின் பின்னே இடம் பிறக்கும். டர்போவுக்கும் அயலிலுள்ளவற்றுக்கும் நடுவே, இருபுறமும் காற்றோடுமாறு அலுமினியத் தகடொன்றை நிறுத்தலாம். காற்று உறிஞ்சும் குழாயை முன்கிராதியின் அருகே கொண்டுபோகலாம். வெட்டத் தகாதவையோ, நெடுஞ்சட்டங்கள், குறுக்குச்சட்டம், சில்லுகளைத் தாங்கும் உட்பகுதிகள், பின்சுவர் என்பன.

இவையாவும் முடிந்தபின்னும் கடைசி வினா எஞ்சி நிற்கின்றது: கூடு ஏற்றாலும் வண்டி ஏற்குமா? 1982இல் வந்த எம்.ஜி. மெற்றோ டர்போ கார் இவ்வரிசையின் 1275 க.செ.மீ. எஞ்சினையே கொண்டது. டர்போ இல்லாத எம்.ஜி. மெற்றோவின் 72 குதிரைவலு அதில் 93 ஆயிற்று. அதற்கெனப் புகைவால்வுகளைச் சோடியம் நிரப்பிக் குளிர்வித்தனர். கியர்ப்பெட்டி தாங்காதென்பதால் குறைந்த வேகத்தில் அமுக்கத்தை அடக்கியும் வைத்தனர். செய்த நிறுவனமே அவ்வளவு அஞ்சியதாயின், 48 குதிரைவலுவுக்கும் நான்கு உருளைப் பிரேக்குகளுக்கும் அமைந்த 1098 மைனரை நாம் எவ்வளவு தயங்கி அணுகவேண்டும்! முன்னாளில் மூதூர் வழிப் பயணத்தைத் துறைதோறும் ஓடங்கள் தாமதப்படுத்தின. 2009இல் கிண்ணியாப் பாலமும் பின்னர் ஏனைய பாலங்களும் வந்தபின் வழி விரைவுக்கு இடந்தருகின்றது. வழி தருகின்றதென்பதற்காக வண்டியும் தரும் என்பதில்லை. எம்மாற்றத்தையும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதியாளருக்கும் அறிவித்தே செய்தல் கடன்.

முடிவை நான் கூறவில்லை, மருமகனே எழுதினான். முதலில் முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிரேக், அடுத்து ரேடியேற்றரும் மின்விசிறியும், பின்னர் எஞ்சினைப் பிரித்துப் புதுக்குதல், நான்காவதாகவே டர்போ. முதல் வேலை இப்போது நடைபெறுகின்றது. நான்காவது வருமோ வராதோ, அறியேன். கருகிய அந்த அட்டையைத் தன் படிப்பு மேசையின்மேல் அவன் வைத்திருக்கின்றான். வெற்றிடத்தைக் கண்டவுடன் நிரப்ப விரையும் இளைஞர், அங்கு முன்னரே எது குடியிருக்கின்றதென்று ஒருகணம் எண்ணுவாராயின், எம் அட்டை கருகியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.