காவல் நீங்கிய கார்

இக்காலத்து மோட்டார் கார்கள் பலவற்றின் முகப்புப் பலகையில் சிறு பொத்தான் ஒன்று இருக்கிறது. அதன்மீது ஒரு காரின் உருவமும், அதன் பின்னே பாம்பு நெளிந்தாற்போன்ற இரு கோடுகளும் வரையப்பட்டிருக்கும். அதை அழுத்தினால் ஓட்டுபவரின் கண்ணெதிரே மஞ்சள் விளக்கு ஒன்று ஒளிரும். காரைக் காத்துவந்த காவலன் ஒருவனை ஓட்டுபவரே ஓய்வெடுக்க அனுப்பிவிட்டார் என்பது அவ்விளக்கின் பொருள். வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட கார்களை வாங்குவோரிற் சிலர், இப்பொத்தானை அழுத்துவதே தம் திறமைக்குச் சான்று என்று கருதுகின்றனர். ஹைதராபாத் போன்று அகன்ற சாலைகளும் உயர்ந்த மேம்பாலங்களும் மலிந்த நகரத்தில் இக்கருத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் இக்கருவியை எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிடி கன்ட்ரோல் என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, 'மின்னணு ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு' என்று எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவது எளிது. ஆனால் 'ஸ்திரம்' என்றதும் அசையாது நிற்றலே நினைவுக்கு வருகிறது. இக்கருவியோ காரை நிற்கச் செய்வதன்று. ஓட்டுபவர் எத்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பினாரோ அத்திசையிலேயே கார் செல்லும்படி பார்த்துக்கொள்வது. ஆகவே 'நெறிகாப்புக் கருவி' என்று இங்கே வழங்குவோம். அகராதிக்காரர்கள் மன்னிப்பார்களாக.

காரைச் சாலையோடு பிணைப்பவை அதன் நான்கு டயர்களே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒரு மனிதனின் உள்ளங்கை அளவுதான். அவ்வளவு சிறிய இடத்தில் பிறக்கும் உராய்வைக் கொண்டே கார் விரைகிறது, நிற்கிறது, வளைவில் திரும்புகிறது. இந்த உராய்வை ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். வாடகைக்குப் பெரும்பகுதி போய்விட்டால் மளிகைக்குக் குறையும். அதுபோல, வளைவில் திரும்புவதற்கே உராய்வு முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிரேக்கையோ ஆக்ஸிலரேட்டரையோ அழுத்தி மிதித்தால், கையிருப்புக்கு மேல் செலவு ஏறுகிறது. அப்பொழுது டயர் சறுக்குகிறது.

சறுக்கல் இரு வகைப்படும். முன் டயர்கள் பிடியிழந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினும் கார் திரும்பாமல் நேரே செல்லும். பின் டயர்கள் பிடியிழந்தால், காரின் பின்புறம் வெளியே வீசப்பட்டு, வண்டி பம்பரம்போல் சுழல முற்படும். இவ்விரண்டனுள் பின்னதே ஓட்டுபவரை மிகுதியும் ஏமாற்றுவது. வளைவின் நடுவே அச்சங்கொண்டு காலை ஆக்ஸிலரேட்டரினின்று சட்டென்று எடுப்பது மனித இயல்பு. அவ்வாறு எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன, வராதிருந்த சுழற்சியும் வந்துவிடுகிறது. தப்பிக்கச் செய்த செயலே ஆபத்தைக் கூட்டுகிறது.

நெறிகாப்புக் கருவி இதனை எங்ஙனம் தடுக்கிறது? ஸ்டியரிங் எவ்வளவு திருப்பப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வேகத்தில் சுழல்கிறது, கார் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது, தன் அச்சைச் சுற்றி எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பவற்றை உணர்விகள் இடைவிடாது அளக்கின்றன. ஓட்டுபவர் விரும்பிய வழியையும் கார் உண்மையிற் செல்லும் வழியையும் ஒரு சிறு கணிப்பொறி நொடிக்கு இருபத்தைந்து முறை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் வேறுபட்டால், ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கிறது. பின்புறம் வெளியே வீசப்படுமாயின் வளைவின் வெளிப்பக்கத்து முன்சக்கரம் பிடிக்கப்படும். முன்புறம் திரும்ப மறுக்குமாயின் உட்பக்கத்துப் பின்சக்கரம் பிடிக்கப்படும். வேண்டுமாயின் எஞ்சினின் வலிமையும் குறைக்கப்படும். ஓடத்தைத் திருப்பத் துடுப்பை ஒரு பக்கம் மட்டும் நீரில் ஊன்றுவதை ஒத்த செயல் இது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எத்துணைத் தேர்ந்த ஓட்டுநராயினும் அவர் காலடியில் இருக்கும் பிரேக் மிதி ஒன்றுதான். அதை மிதித்தால் நான்கு சக்கரங்களும் பிடிக்கப்படும். நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்து பிடிக்க மனிதருக்கு வழியே இல்லை. 'திறமை உள்ளவனுக்கு யந்திரத்தின் துணை எதற்கு?' என்று கேட்பவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர். திறமையின்மையை ஈடுசெய்வது இக்கருவியின் வேலைகளில் ஒன்று. எத்திறமைக்கும் எட்டாததைச் செய்வது மற்றொன்று.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 1978-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வந்தது. அதன்மேல் எழுந்ததே நெறிகாப்பு. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி 1995-இல் அதே மெர்சிடிஸின் உயர்வகைக் காரில் முதலில் இடம்பெற்றது. விலையுயர்ந்த கார்களோடு நின்றிருக்கக்கூடிய இதனைச் சிறு கார்களுக்கும் கொணர்ந்தது ஒரு கவிழ்ச்சியாகும். 1997-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மோட்டார் பத்திரிகையொன்று, காட்டுமான் குறுக்கிட்டாற்போலச் சட்டென்று ஒடித்துத் திருப்பும் சோதனையை நடத்தியது. அதில் மெர்சிடிஸின் புதிய சிறு கார் உருண்டுவிட்டது. நிறுவனம் அக்கார்கள் அனைத்திலும் நெறிகாப்புக் கருவியைப் பொருத்த நேர்ந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், பிற வண்டிகளோடு மோதாமல் தனித்து நிகழும் விபத்துக்கள் இதனால் கார்களில் 34 சதவீதமும், உயரமான எஸ்.யு.வி. வண்டிகளில் 59 சதவீதமும் குறையும் என மதிப்பிட்டு, 2012-ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் இதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டத்தில், உயர்ந்த நட்சத்திர மதிப்பைப் பெற விரும்பும் காரில் இக்கருவி இருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் அதை அணைக்கும் பொத்தானை ஏன் வைத்தார்கள்? காரணம் உண்டு. மணலிலோ சேற்றிலோ சிக்கிய வண்டி வெளியேறச் சக்கரம் சிறிது சுழன்றாக வேண்டும். கருவியோ அச்சுழற்சியைச் சறுக்கலென்று கருதி எஞ்சினை அடக்கிவிடும். அவ்வேளையில் அணைத்து, கரையேறியதும் மீண்டும் இயக்குவதே முறை. மற்றொரு காரணம் பந்தயப் பாதை. அங்கே டயரின் பிடி முடியும் எல்லையைத் தொட்டுப் பார்ப்பதே ஓட்டுபவரின் நோக்கம். கருவியோ அந்த எல்லைக்கு முன்னரே குறுக்கிடும். பின்புறத்தைச் சற்றே நழுவவிட்டு, எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமன்செய்து செல்வதில் ஓர் இன்பம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஏறத்தாழ 50 குதிரைத்திறன் கொண்டிருந்த பழைய அம்பாஸடர் காரில் வளர்ந்த தலைமுறைக்கு அந்த இன்பமும் இல்லை, அபாயமும் குறைவு. உலர்ந்த சாலையில் பின்சக்கரங்களைச் சுழலவிட அதன் எஞ்சினுக்கு வலுவில்லை!

காவல் இல்லாத கார்கள் ஹைதராபாத்தில் ஓடியதை உலகமே ஒருநாள் கண்டது. 2023 பிப்ரவரி 11-ஆம் தேதி, ஹுசேன் சாகர் ஏரிக்கரையில், லும்பினி பூங்காவையும் தலைமைச் செயலகத்தையும் ஒட்டிய பொதுச் சாலைகளை அடைத்து, மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈ பந்தயம் நடைபெற்றது. பாதையின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர், வளைவுகள் 18. அக்கார்களில் நெறிகாப்புக் கருவி இல்லை. விரையும்போது சக்கரம் வீணே சுழலாமல் தடுக்கும் அமைப்பும் விதிகளால் விலக்கப்பட்டது. டயர்களோ மழையிலும் வெயிலிலும் ஒருங்கே பயன்படுமாறு அமைந்த, பந்தயக் காருக்குப் பிடி குறைவான டயர்கள். முந்நூற்றைம்பது கிலோவாட் வரை வலிமை தரும் மின்மோட்டாரை அத்தகைய டயர்களின்மேல் ஏற்றி, கான்கிரீட் சுவர்களுக்கிடையே ஓட்டினார்கள். பிரான்ஸ் நாட்டு ஜான் எரிக் வெர்ன் முதலிடம் பெற்றார். நியூசிலாந்தின் நிக் காசிடி மிக நெருங்கி இரண்டாவதாக வந்தார். ஜாகுவார் அணியின் இரு கார்கள் கூர்மையான திருப்பமொன்றில் தம்முள் தாமே மோதிக்கொண்டு நின்றன. உலகின் முதல்தர ஓட்டுநர்கள், ஒத்திகைக்குப் பிறகு, ஒரே பாதையை மீண்டும் மீண்டும் சுற்றியும் நிகழ்ந்தது இது.

ஆனால் அங்கே எவரும் சாலையைக் கடக்கவில்லை. பேருந்துக்கு எவரும் காத்து நிற்கவில்லை. சுவர், வேலி, மருத்துவர், தீயணைப்போர், எச்சரிக்கைக் கொடி என்று மனிதர் செய்யக்கூடிய காவல்கள் அனைத்தும் காருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. அதனாலேயே காருக்குள் காவல் இல்லாதிருப்பது பொறுக்கத்தக்கதாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு நிகழவிருந்த பந்தயம் 2024 ஜனவரியில் கைவிடப்பட்டது. அச்சாலைகளில் இப்பொழுது வழக்கமான போக்குவரத்தே செல்கிறது.

அந்நகரத்திலேயே நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2019 நவம்பர் தொடக்கத்தில், கச்சிபௌலிக்கு அருகே பயோடைவர்சிடி சந்திப்பில் வளைந்து செல்லும் மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதில் வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர். அதே மாதம் 23-ஆம் தேதி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் ஒன்று, வளைவில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே சாலையில் விழுந்தது. கீழே சாலையோரம் இருந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார். காரை ஓட்டியவர் பிழைத்தார். பாலம் சில வாரங்கள் மூடப்பட்டு, 2020 ஜனவரியில், வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடுகளுடன் மறுபடி திறக்கப்பட்டது.

இதன் கணக்கு எளியது. வளைவில் காரை வெளியே வீசாமல் பிடித்து வைக்கத் தேவைப்படும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். நாற்பது நூறாகும்போது வேகம் இரண்டரை மடங்கு. தேவைப்படும் விசையோ ஆறேகால் மடங்கு. டயருக்கும் சாலைக்கும் இடையே அவ்வளவு உராய்வு இல்லையாயின், நெறிகாப்புக் கருவி விழித்திருந்தாலும் அதனால் உராய்வைப் புதிதாய்ப் படைக்க இயலாது. இருக்கும் உராய்வை முறையாகப் பங்கிடுவது மட்டுமே அதன் தொழில். கருவி இருக்கிறது என்ற துணிவில் வளைவுக்குள் பாய்பவரும், கருவியை அணைத்த பெருமிதத்தில் பாய்பவரும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவர்கள். வேறுபாடு, எல்லையை நெருங்குகையில் வரும் சிறு பிழையில்தான். முன்னவர் தப்பக்கூடும், பின்னவருக்கு அந்த வாய்ப்பும் மெலிந்துவிடுகிறது. அப்பிழையின் விலையை மேம்பாலத்தின் கீழ் நிற்பவர் செலுத்த நேர்வதுதான் நம் மனத்தை உறுத்துகிறது. பொத்தானை அழுத்தியது அவர் அல்லர்.

வளைவே இல்லாத சாலையிலும் இக்காவல் பயன்படுகிறது. ஹைதராபாத்தைச் சுற்றிச் செல்லும் 158 கிலோமீட்டர் நேரு வெளிவட்டச் சாலையில் 2023-இல் வேக வரம்பு 120 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. அவ்வேகத்தில் கார் நொடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. லாரியிலிருந்து விழுந்த டயர்த் துண்டு ஒன்று எதிர்ப்பட்டால், ஓட்டுபவர் ஒருபுறம் ஒடித்து, உடனே மறுபுறம் ஒடித்துத் தன் பாதைக்குத் திரும்புவார். அந்த இரண்டாவது ஒடிப்பில்தான் பின்புறம் வீசப்படும். சுவீடனில் கார் உருண்டதும் இத்தகைய ஒடிப்பிலேதான். கோடைக்குப் பின் வரும் முதல் மழையில், மாதக்கணக்காகப் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து சாலை வழவழப்பாகும்போது, இதைவிடக் குறைந்த வேகத்திலும் இது நிகழும்.

கற்றுக்கொள்ள விழைவோர்க்கு இடம் இல்லாமல் இல்லை. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஒரு காலத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. பின்னர் 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பாதையொன்றை அமைத்தது. கோயம்புத்தூரில், மறைந்த கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்ட பாதை உள்ளது. ஹைதராபாத்திலிருந்து தொலைவுதான். எனினும் பயிற்சியாளர் அருகிருக்க, தலைக்கவசம் அணிந்து, முதலில் கருவியை இயங்கவிட்டும், அது எங்கெங்கே குறுக்கிடுகிறது என்பதை அறிந்தபின் அணைத்தும் ஓட்டுவதே பாடம். மஞ்சள் விளக்கு எந்த வளைவில் சிமிட்டுகிறதோ அங்கே ஓட்டுபவர் பிழை செய்கிறார் என்பது பொருள். சிமிட்டாமல் சுற்றக் கற்றவருக்கே அணைக்கும் தகுதி உண்டென்பது நம் எண்ணம். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவதும் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பதும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

இத்தகைய கார் வைத்திருப்போர் அதன் கைந்நூலை ஒருமுறை படித்தல் நலம். பொத்தானை ஒருமுறை தொட்டால் சில கார்களில் சக்கரச் சுழற்சித் தடை மட்டுமே நீங்கும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் நெறிகாப்பும் நீங்கும். சில கார்களில் குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும் அது தானே விழித்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது பொதுவாகக் கருவி பழையபடி காவலுக்கு வந்துவிடும். அணைத்த நிலையிலும் ஏ.பி.எஸ். இயங்கும். பொத்தானைத் தொடாமலே காவலை மெலிவிக்கும் வழியும் ஒன்று உண்டு; அது தேய்ந்த டயர். டயரின் பள்ளங்களுக்குள் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அம்மேடுகளோடு சமமானால், எஞ்சியிருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று அறிந்து, மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.