பழையசீவரம் வழியாகத் திருமுக்கூடலுக்கு

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் எழுந்தருளுகிறார். முதல்நாள் இரவில் புறப்பட்டு, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் முதலிய ஊர்களைக் கடந்து, இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள மலை மண்டபத்தை அடைகிறார். பிற்பகலில் லட்சுமி நரசிம்மருடன் மலையிறங்கி, பாலாற்றின் மறுகரையிலுள்ள திருமுக்கூடலுக்குச் செல்கிறார். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் அவ்விடத்தில், சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் வந்து சேர, ஐந்து பெருமாள்களை ஒருசேரத் தரிசிக்கலாம்.

பெருமாளுடன் இரவு முழுவதும் நடந்து செல்வோர் பலர். அவர்களுள் நீரிழிவு, இதயநோய், மூட்டுவலி உள்ளவர்களும் இருக்கிறார்கள். "இத்தனை ஆண்டுகளாக நடந்தேன், இந்த ஆண்டு நடக்கலாமா?" என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு ஒரே விடை கூற இயலாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், காலில் ஆறாத புண் உள்ளவர்களும் அவ்விரவு நடையைத் தவிர்க்கவேண்டும். மற்றவர்கள் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது. வீட்டார் "போகவே கூடாது" என்று தடுத்தால், நோயாளி சொல்லாமலே புறப்பட்டுவிடுவதுண்டு. அதைவிட உடன் செல்வதே மேல்.

நாம் மிகவும் அஞ்சுவது வெறுங்கால் நடையை. நீண்டகால நீரிழிவில் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. சரளைக்கல் குத்தினாலும் கொப்புளம் எழுந்தாலும் வலி தெரியாது. வலி இல்லாமையால் மேலும் நடப்பார்கள். மறுநாள் காலுறையில் ஈரம் கண்ட பிறகே புண் இருப்பது தெரியவரும். சிறிய கொப்புளத்தில் தொடங்கி விரலை இழக்கும் நிலைவரை சென்றவர்களை மருத்துவர்கள் அறிவார்கள். எனவே வேண்டுதல் எதுவாயினும், உணர்விழந்த பாதத்தில் பழகிய காலணியும் பருத்திக் காலுறையும் இருக்கட்டும். புதுச் செருப்பை அன்றைக்கென்று அணியாதீர்கள். கோயிலுக்குள் காலுறையுடன் செல்லலாம்.

இன்னொன்று, விரதம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் நடந்தால் சர்க்கரை திடீரெனத் தாழும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே உட்கார்ந்து, சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். உடன் வருபவரின் பையில் அது இருப்பதே பாதுகாப்பு. நடப்பவருக்கு அந்நேரம் நினைவு தடுமாறும். மருந்தை நிறுத்துவதையோ அளவைக் குறைப்பதையோ தாமாகச் செய்யலாகாது.

இவ்வளவு கூறிய பின்னும் திருமுக்கூடலுக்குச் செல்லுங்கள் என்றே நாம் விரும்புகிறோம். அதற்கு நமக்குத் தனிக் காரணம் உண்டு. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ கி.பி. 1068-ஐச் சேர்ந்தது. வேதம் பயின்ற மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், கோயிற் பணியாளர்க்கும் அங்கு 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலை நடந்ததை அது கூறுகிறது. படுக்கைகள் 15. ஒரு மருத்துவர், அறுவைப் பணிக்கு ஒருவர், பச்சிலையும் விறகும் கொணர இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர், நீர் கொணர்பவர், நாவிதர். படுத்திருப்போர்க்கு நாள்தோறும் தலைக்கு ஒரு நாழி அரிசி. கடுக்காய் சேர்ந்த மருந்துகள், நெய்கள், தைலங்கள் என இருப்பில் வைக்கவேண்டியவற்றின் பெயர்களும் உள்ளன. இரவில் விளக்கெரிக்க எண்ணெய்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். இரவுப் பணியில் இருப்போர்க்கு அந்த எண்ணெயின் அருமை புரியும்.

முழுவழியும் இயலாதவர்கள் காஞ்சிபுரம்–செங்கற்பட்டுப் பேருந்தில் பழையசீவரம் வரை சென்று, கடைசிப் பகுதியை மட்டும் நடக்கலாம். ஆற்றின்மேல் பாலம் இருக்கிறது. கூட்டம் மிகுமுன் நண்பகலிலேயே கடந்துவிட்டால் நெரிசல் இராது. களைத்தால் நின்று இளைப்பாறலாம்.

வீடு திரும்பியதும் வெந்நீரில் காலை ஊறவைக்காதீர்கள். உணர்விழந்த கால் சூட்டையும் அறியாது. சாதாரண நீரில் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, வெளிச்சத்தில் வேறொருவர் உள்ளங்காலைப் பார்க்கட்டும். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் தூய துணியால் மூடி, மறுநாளே மருத்துவமனைக்கு வாருங்கள்.