காசு விழும் நேரம்

பாகான் டாலாம் கரையில் நின்று மேற்கே நோக்கின், கடலுக்கு அப்பால் ஜார்ஜ் டவுன் தெரியும். 1786இல் அங்கு இறங்கிய பிரான்சிஸ் லைட், காடு வெட்டுவோரை ஊக்குவிக்க வெள்ளிக் காசுகளைப் பீரங்கியிலிட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மெய்யோ புனைவோ, எறிபொருள் இயக்கத்தை விளக்க அது நமக்கு உதவும்.

பீரங்கியின் வாய் 5 மீட்டர் உயரத்தில் உள்ளது; காசு கிடைமட்டமாக நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது எனக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொள்வோம். காசு எவ்வளவு தொலைவில் விழும்?

மாணவர் பலர் அந்த 100ஐச் செங்குத்துச் சமன்பாட்டில் இட்டுத் தவறுகின்றனர். செங்குத்துத் திசையில் தொடக்க வேகம் சுழி. எனவே 5 = ½ × 10 × நேரத்தின் வர்க்கம்; நேரம் 1 நொடி. கிடைத்திசையில் முடுக்கம் இல்லை; தொலைவு 100 × 1 = 100 மீட்டர்.

வேகத்தை இருமடங்காக்கினால் தொலைவு 200 மீட்டராகும். நேரமோ அதே 1 நொடிதான். அவ்வுயரத்திலிருந்து நழுவவிட்ட காசும் அதே நேரத்தில்தான் தரையைத் தொடும். இவ்விரு இயக்கங்களும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை என்பதைக் கலீலியோ 1638இல் வெளியான தம் நூலில் விளக்கினார். காற்றுத்தடையை நாம் கணக்கில் கொள்ளவில்லை; மெய்யான காசு இன்னும் அருகிலேயே விழும்.

ஆகவே ஆசிரியர்கள் வாய்பாட்டை எழுதுமுன் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நலம்: ஒருபுறம் கிடை, மறுபுறம் செங்குத்து. இரண்டையும் இணைக்கும் பாலம் நேரம் ஒன்றே. அதனை உணர்ந்த மாணவர்க்கு மனப்பாடம் தேவைப்படாது.