மியூவானும் வெற்றிடக் கணக்கும்

சிறுவர் விடும் பம்பரம் சுழலும்போது அதன் அச்சு நேரே நில்லாமல், சிறு வட்டமிட்டு மெல்லத் தலையசைப்பதைக் காணலாம். அணுவினும் நுண்ணிய துகள் ஒன்றின் இத்தகைய தலையசைப்பை அளந்து, இதுகாறும் அறியப்படாத பொருள் இயற்கையில் உண்டா என்று ஆராய முடியும் என்றால் வியப்பாகத் தோன்றும். ஆயினும் பௌதிக அறிஞர்கள் பல்லாண்டுகளாக அதனையே செய்து வந்துள்ளனர்.

அத்துகளின் பெயர் மியூவான். அதனை எலெக்ட்ரானின் தமையன் எனலாம். மின்னேற்றம் இரண்டுக்கும் ஒன்றே. எடையோ ஏறத்தாழ 207 மடங்கு. அதன் ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் சுமார் இரண்டு பங்கே. அது ஒரு சிறு காந்தம் போலவும், சுழலும் பம்பரம் போலவும் இயங்குகிறது. காந்தப் புலத்தில் அதன் அச்சு தலையசைக்கும். அவ்வசைவின் வேகத்தை முடிவு செய்யும் எண்ணை 'ஜி' என்று குறிப்பர்.

1928-ல் டிராக் அமைத்த சமன்பாட்டின்படி இவ்வெண் சரியாக 2 ஆகும். ஆனால் எலெக்ட்ரானில் அது 2-ஐவிடச் சிறிது மிகுதி என்பதை 1947-ல் நடந்த சோதனைகள் காட்டின. அதற்குரிய காரணத்தை 1948-ல் ஜூலியன் ஷ்விங்கர் கணக்கிட்டுக் கூறினார். வெற்றிடம் முற்றும் வெறுமையன்று என்பதே அது. பிற துகள்கள் கண நேரம் தோன்றி மறைவது போன்ற விளைவு அங்கே உண்டு. ஒவ்வொன்றும் தலையசைப்பைச் சிறிது மாற்றும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். அறிந்த துகள்கள் அனைத்தின் பங்கையும் கூட்டிய தொகை, அளந்த அளவோடு ஒவ்வாது நின்றால், அறியாத துகள் ஒன்று மறைந்திருக்கலாம். கனமான துகள்களின் தாக்கம் எலெக்ட்ரானைவிட மியூவானில் ஏறத்தாழ 43,000 மடங்கு மிகுதி. ஆதலின் இவ்வேட்டைக்கு மியூவானே ஏற்றது.

அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள பெர்மி ஆராய்ச்சிக் கூடத்தில், ஏறத்தாழ 50 அடி அகலமுள்ள காந்த வளையத்தில் மியூவான்களைச் சுழலவிட்டு அளந்தனர். 2021-ல் வெளியான அளவு, கோட்பாட்டாளர் 2020-ல் தந்த கணக்கோடு ஒவ்வவில்லை. அவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்க 40,000-ல் ஒரு வாய்ப்பே உண்டு எனக் கூறப்பட்டது. புதிய துகள் அகப்பட்டது என்றே பலர் எண்ணினர்.

ஆனால் சிக்கல் கணக்கிலேயே இருந்தது. குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையின் பங்கைக் கணிப்பது மிகக் கடினம். அதற்கு இரு வழிகள் உண்டு. எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் மோதும் சோதனைகளின் முடிவுகளிலிருந்து அதனைப் பெறுவது ஒன்று. 2020-ம் ஆண்டுக் கணக்கு இவ்வழியில் வந்தது. இடத்தையும் காலத்தையும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, பெருங் கணினிகளின் துணையால் சமன்பாட்டிலிருந்து நேரே கணிப்பது மற்றொன்று. இவ்விரண்டாம் வழியில் ஒரு குழுவினர் கண்ட விடை, சோதனை முடிவு வெளியான அன்றே வெளிவந்தது. அது சோதனையை நெருங்கி நின்றது! 2023-ல் ருஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் நடந்த மோதல் சோதனையும் பழைய சோதனைகளோடு முரண்பட்டது.

2025 மே மாதத்தில் கோட்பாட்டாளர்கள் கட்ட முறைக் கணக்குகளையே ஏற்றனர், வேறுபாடு மறைந்தது. அடுத்த மாதம் பெர்மி கூடம் தன் இறுதி அளவை வெளியிட்டது. அதன் நுட்பம் நூறு கோடியில் 127 பங்கு. கோட்பாட்டின் நுட்பமோ இன்னும் அதில் நான்கில் ஒரு பங்கே. மோதல் சோதனைகள் தம்முள் ஏன் முரண்படுகின்றன என்பதும் 2025-ம் ஆண்டுக் கணக்கில் தெளிவாகவில்லை.

புதிய துகள் இல்லை என்று இதனால் முடிந்துவிடவில்லை. உண்டு என்பதற்கு இவ்வழியில் சான்று கிட்டவில்லை என்பதே பொருள். புகழ் தரும் முடிவு கைக்கெட்டும் தொலைவில் நின்றபோதும், தம் கணக்கையே முதலில் ஐயுற்று மீண்டும் போட்டுப் பார்த்தனர் அறிஞர். மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பிப்போர் எடுத்துக்காட்டத் தக்க பண்பு இதுவேயாகும்.