ஃபின்லே வீட்டுக் கதவு

1900 ஜூன் 25. அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் வால்டர் ரீடும் ஜேம்ஸ் காரலும் ஹவானாவில் வந்து இறங்கினார்கள். கியூபா அப்போது அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அங்கே கோடை வந்தால் மஞ்சள் காய்ச்சலும் வந்துவிடும். உடம்பு மஞ்சளிக்கும், வாந்தி கறுப்பாக வரும், பலருக்கு உயிரே போகும். ஊருக்குப் புதியவர்களைத்தான் அது அதிகம் வாரிக்கொண்டு போனது. அதன் காரணத்தைத் தேடும் குழுவில், முன்பே அங்கு பணியிலிருந்த ஜெஸ்ஸி லாசியரும் கியூபாவில் பிறந்த அக்ரமோந்தேயும் சேர்ந்து நான்கு பேர்.

இத்தாலிய விஞ்ஞானி சனரெல்லி ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளி என்று அறிவித்திருந்தார். குழு முதலில் அதைத்தான் தேடியது. நோயாளிகளின் ரத்தத்திலும் இறந்தவர்களின் உடலிலும் வாரக்கணக்கில் தேடியும் அது அகப்படவில்லை.

விடை அதே ஊரில் இருந்தது. கொசுதான் இந்நோயைப் பரப்புகிறது என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே அறிவியல் கழகத்தில் சொல்லியிருந்தார். அவருடைய சோதனைகள் யாரையும் நம்பவைக்கவில்லை. 19 ஆண்டுகள் கேலிதான் மிஞ்சியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் குழு அவரைத் தேடிப் போனது. அறுபத்தாறு வயது மனிதர் பழைய மனவருத்தம் எதையும் காட்டாமல், தாம் வளர்த்த கொசுவின் முட்டைகளை எடுத்துக் கொடுத்தார். மருத்துவ வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைக்கும் கொடை அது.

லாசியர் அவற்றைப் பொரிக்கவைத்து, நோயாளிகளைக் கடிக்கவிட்டார். ஆகஸ்ட் 27 அன்று காரல் தம் கையையே கொசுவுக்கு நீட்டினார். அது நோயாளியைக் கடித்து 12 நாள் ஆகியிருந்தது. காரல் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். ஃபின்லேயின் சோதனைகள் பொய்த்த காரணமும் விளங்கியது: கொசுவின் உடலில் நோய் முதிர ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அவர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

லாசியர் திரும்பவில்லை. செப்டம்பர் 25 அன்று, 34 வயதில், அதே காய்ச்சலில் இறந்தார். அமெரிக்காவில் பிறந்திருந்த மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

நவம்பரில் அவர் பெயரால் அமைந்த முகாமில், சோதனைக்கு முன்வந்த ஸ்பானியர்களிடம் ஆபத்தை விளக்கி, அவர்கள் மொழியிலேயே ஒப்பந்தம் எழுதினார்கள். ஆளுக்கு 100 டாலர் தங்கம். நோய் வந்தால் இன்னும் 100. கொசுதான் என்பது உறுதியானது. மறு ஆண்டே நகரின் சுகாதார அதிகாரி வில்லியம் கோர்கஸ் தண்ணீர்த் தொட்டிகளை மூடவைத்து ஹவானாவை மீட்டார்.

நம் வீடுகளில் டெங்குவைப் பரப்புவதும் அதே ஏடிஸ் கொசுதான். சுகாதாரப் பணியாளர் வந்து நம் தொட்டி மூடியைத் திறந்து பார்ப்பது, அந்தக் கோடையில் கிடைத்த அறிவின் தொடர்ச்சி.

ஆய்வுக்காக வெளிநாடு புறப்படும் நம் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். போன ஊரில், நீங்கள் ஆராயும் நோயோடு பல ஆண்டுகள் போராடிய உள்ளூர் மருத்துவரை முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். ஃபின்லேயின் கதவைத் தட்ட ரீடின் குழுவுக்கு ஐந்து வாரங்கள் ஆயின.